நூற்றுப் பதிமூன்றாம் பக்கம்

என் செருப்பின் வார் ஒரு நூலக வாசலில் அறுந்தது. உள்ளே கூட்டம் சேர்ந்துவிட்டது. அன்று பேச வேண்டியவள் என் நாத்தனார். நான் அவளுக்குத் துணையாகப் போனவள். இந்தக் கோலத்தில் முன்வரிசையில் எப்படிப் போய் உட்காருவது என்று நான் கூசிக்கொண்டு நின்றதை அவள் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றி, காலாலேயே என் பக்கம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு மேடை ஏறிவிட்டாள். மறுநாள் செய்தித்தாளில் எழுத்தாளரின் எளிமையைப் பாராட்டி நாலு வரி போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து சிரிசிரி என்று சிரித்தாள்.

"என் எளிமை உங்க காலுக்குச் சரியா இருந்துச்சா அண்ணி?"

அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. நாவல் எழுதுவாள். வீட்டில் உட்கார்ந்து எழுதுவதுதான் அந்த வேலை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். எழுதி முடித்த பிறகுதான் அலைச்சலே. ஊர் ஊராகப் போய் வாசிக்க வேண்டும், பேச வேண்டும், எழுத ஆசைப்படுகிறவர்களை வட்டமாக உட்காரவைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்த வேண்டும். மைக் கீச்சென்று கத்தும். வரவேற்கிறவர் புத்தகத்தின் பெயரையே மாற்றிச் சொல்வார். கடைசியில் யாராவது எழுந்து, "இது உங்க சொந்தக் கதையாம்மா?" என்பார்கள். "கடைசி அத்தியாயத்துல அவ செத்துப்போறா. நான் உங்க முன்னாடி குத்துக்கல்லாட்டம் நிக்கறேனே" என்பாள்.

பட்டறையில் அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஒருவர் எழுதியதைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது, எழுதினவர் வாயைத் திறக்கக் கூடாது. "உங்க எழுத்துக்கு நீங்க வக்கீல் இல்ல. காதை மட்டும் குடுங்க" என்பாள். தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிட்டு மூலையில் உட்கார்ந்து நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வாசிப்பில் வேறு வழக்கம். எந்தப் பக்கம் என்று அவள் தேர்ந்தெடுக்க மாட்டாள். "ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கூட்டத்தைக் கேட்பாள். சொன்ன பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசிப்பாள். பக்கம் முடிகிற இடத்தில், பாதி வாக்கியமாக இருந்தாலும் நிறுத்திவிடுவாள். கூட்டம் "ஐயோ" என்று கத்தும். "மிச்சம் புத்தகத்துல" என்று சிரிப்பாள். கேட்ட பக்கத்தை அவள் மறுத்ததே இல்லை.

என் மாமனாருக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தப்பிப்போனது. கதவு திறந்திருந்தால் நடுரோட்டில் போய் நிற்பார். ஒருநாள் ஒரு லாரி அவரை உரசினாற்போல் பிரேக் போட்டு நின்றது. அன்றிலிருந்து, படுக்கப் போகும்போது அவர் அறையை வெளியே பூட்டினோம். பூட்டியது அவர் மகன், என் வீட்டுக்காரர். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு என் நாத்தனார் எழுதிய நாவலில் அது வந்தது. பெயர் வேறு, ஊர் வேறு. பூட்டு எங்கள் வீட்டுப் பூட்டு.

என் வீட்டுக்காரர் ஒரு கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். புத்தகம் படிக்கிற பழக்கம் கிடையாது. அவரோடு வேலை செய்கிற ஒருவருக்கு வாய் ஓயாது. அதனால் ரேடியோ என்றே பெயர். அவர் எப்படியோ நாவலைப் படித்துவிட்டு வந்து எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார்: "பெத்த அப்பனையே பூட்டி வெச்சியாமே? உன் தங்கச்சி ஊருக்கே சொல்லிட்டா!"

அதோடு இவர் தங்கையிடம் பேச்சை நிறுத்திவிட்டார். அவள் போன் செய்தால் எடுத்து என்னிடம் நீட்டிவிடுவார். நான் எழுத்துக்கூட்டி அந்தப் பக்கங்களைப் படித்திருந்தேன். "அதுக்கு அடுத்த பக்கத்தையும் கேளுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "எந்தப் பக்கமும் வேணாம்" என்றார். மாசக்கணக்கில் இப்படியே போனது.

அப்புறம் அவருடைய கடைக்கு எதிரே இருந்த அரங்கிலேயே அவளுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடானது. நாங்கள் இருவரும் படியேறும்போது இவர் கையில் வார்னிஷ் கறையோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"நீ என்ன வேணா வாசி. அந்தப் பூட்டுக் கதையை வாசிச்சா எனக்குத் தங்கச்சி இல்ல."

"நானா எடுக்க மாட்டேண்ணா. யாராவது கேட்டா?"

"கேட்டாலும்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவள் என்னைப் பார்த்தாள். "கடவுள் இருக்கார், போம்மா" என்றேன். அவர் இருப்பது எனக்குத் தெரியும். எந்த வரிசையில் என்றுதான் தெரியவில்லை.

ஒரு கல்லூரிப் பெண் முதலில் நம்பர் சொன்னாள். இரண்டு ஓரகத்திகள் ஒரு குக்கருக்குச் சண்டை போடுகிற பக்கம் வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு குரல்.

"நூத்திப் பதிமூணு!"

ரேடியோ. சொல்லிவிட்டுத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. வேறு நம்பர் சொல்லுங்கள் என்று சொல்லிவிடு தாயே என்று மனதுக்குள் மன்றாடினேன். வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு மேல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். லாரி வந்தது. கடைக்குப் போய்ப் பூட்டு வாங்குகிற இடம் வந்தது. உள்ளே இருந்து கிழவர், "திறடா, நான் வேலைக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுவது வந்தது. "மகன் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு..."

பக்கம் முடிந்துவிட்டது.

யாரும் "ஐயோ" என்று கத்தவில்லை. "மிச்சம் புத்தகத்துல!" என்றார் ரேடியோ. சிலர் சிரித்தார்கள். பின்னால் நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. இவர் எழுந்து நின்றார். இந்தக் கதவைத் தாண்டிவிட்டால் அவர் சொன்னது சொன்னதுதான். ஆள் அப்படி.

அவள் தாளைத் திருப்பினாள்.

"மேடம், ஒரு பக்கம்தானே?" என்றார் கூட்டம் ஏற்பாடு செய்தவர்.

"இன்னிக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தாள். ஒருநாள் விடியலில் ஊரிலிருந்து வந்து இறங்கியபோது அவளே கண்ணால் கண்டதுதான் அந்தப் பக்கம். மகன் பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே இருந்து கிழவர் தட்டுகிறார். மகன் வெளியிலிருந்து பதிலுக்குத் தட்டுகிறான். ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் கிழவர் அடங்குகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டுகிறார். மறுபடி இவன்.

வாசித்து முடித்தபோது இவர் நடைவழியின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"சாவி பையில இல்ல" என்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"பூட்டுலயேதான் தொங்குச்சு. தீ கீ பிடிச்சா சாவியைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்? என்னவோ பையில போட்டுக்கிட்டுப் போனவன் மாதிரி எழுதி வெச்சிருக்க!"

அவள் பட்டறையில் மற்றவர்களுக்குச் சொல்வதுபோல் வாயை இறுக மூடிக்கொண்டு கேட்டாள்.

"போன் இருக்குல்ல? ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

அவர் முடித்துவிட்டார் என்று நிச்சயமானதும்தான் பேசினாள். "கேட்டிருந்தா நீ சொல்லியிருக்க மாட்டேண்ணா."

"மாட்டேன்தான். ஆனா கேட்டிருக்கணும்."

விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். "ஆமா, கேட்டிருக்கணும்" என்று அவள் மைக்கிலேயே, அந்தக் காலி வாசலைப் பார்த்துச் சொன்னாள். பேனாவை எடுத்துப் புத்தகத்தில் அந்தச் சாவி வரியை அடித்தாள். ரேடியோ குனிந்து தன் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று யாரும் இது சொந்தக் கதையா என்று கேட்கவில்லை.

கூட்டம் கலைந்து நாங்கள் வெளியே வந்தோம். வாடகைக் கார் நின்றது. எதிர்க்கடையில் இவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தார். அவள் அந்த முதுகையே பார்த்தாள். போகட்டும் என்று புத்தக மூட்டையைத் தூக்கப் போனாள். அதற்குள் இவர் ரோட்டைத் தாண்டி வந்து, வெடுக்கென்று மூட்டையைப் பிடுங்கிக் காருக்குள் போட்டார்.

"முதுகுவலி முதுகுவலின்னு உங்க அண்ணிகிட்ட புலம்பற. இந்தக் கனத்தைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையறியே, அறிவிருக்கா உனக்கு? கழுதை!"

கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

அதன் பிறகு நான் அவளை உயிரோடு பார்க்கவில்லை. அந்த வருஷமே கடவுள் அவளை அழைத்துக்கொண்டார். அடுத்த பதிப்பில் சாவி பூட்டிலேயே தொங்குகிறது. போவதற்கு முன் அவளே திருத்திக் கொடுத்திருக்கிறாள்.

அன்று கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி என்னை அருகே கூப்பிட்டாள். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"கழுதைங்கறான், கேட்டீங்களா அண்ணி? அப்போ நான் இன்னும் தங்கச்சிதான்."