ராஜரத்தினத்தின் ஓட்டை அட்டைகள்

மலாயாவுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு வருடம், மலாக்காவின் காஜா பேராங் வட்டாரத்தில் குடியிருந்த ராஜரத்தினம் அவ்வூர் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கும் டிஸ்பென்சர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகன், எதற்கும் லேசில் அசராத ஆள். பெனிசிலின் என்றால் மட்டும் அவருக்குப் பயம். காய்ச்சலென்றாலும் பெனிசிலின், கட்டியென்றாலும் பெனிசிலின் என்று டாக்டர்கள் எழுதித் தள்ளினார்கள். அது யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பார்க்க நாதியில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டார். பழைய பதிவேடுகளைப் புரட்டி, நோயாளிக்கு ஓர் அட்டையாக எழுதினார். அட்டையின் ஓரமெல்லாம் ஓட்டைகள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஓர் ஓட்டை, பெண்ணுக்கு ஒன்று, தெங்கேரா வட்டாரத்துக்கு ஒன்று, காஜா பேராங்குக்கு ஒன்று. பொருந்துகிற ஓட்டையை விளிம்புவரை வெட்டிவிடுவார். அட்டைக்கட்டில் சைக்கிள் கம்பியைக் கோத்துத் தூக்கினால் வெட்டியவை மட்டும் கீழே உதிரும்.

"சீட்டெல்லாம் சரி, ஜோசியக் கிளி எங்க?" என்று கேட்டுச் சிரித்தார் டாக்டர் தம்பிராஜா. ராஜரத்தினத்துக்குச் சுருக்கென்றது.

ஒருநாள் காலை தம்பிராஜாவின் சீட்டு வந்தது: கோகிலா, நடராஜன் மனைவி, தெங்கேரா, பிரசவத்துக்குப் பின் காய்ச்சல், பெனிசிலின். நடராஜன் மனைவி கோகிலா என்று அட்டை இல்லை. மருந்தைக் கொடுத்தனுப்பிவிட்டார். மனசு கேட்கவில்லை. கம்பியை எடுத்து பெனிசிலின், பெண், தெங்கேரா என்று மூன்று ஓட்டைகளிலும் கோத்துப் பார்த்தார். ஒரே அட்டை விழுந்தது: கோகிலா, சுப்பையன் மகள். மூன்று வருடத்துக்கு முன் பெனிசிலின் போட்டு மூச்சுத் திணறியவள். கல்யாணமான பெண் புருஷன் பேரில் திரும்பி வருவாள் என்பது அவர் புத்திக்கு எட்டாமல் போயிருந்தது.

படியேறி ஓடினார். வார்டில் தம்பிராஜாவின் கையில் ஊசி தயாராக இருந்தது.

"ஏம்மா, உங்கப்பா பேரு என்ன?" என்று கட்டிலில் இருந்த கோகிலாவைக் கேட்டார்.

"சுப்பையன், சார்."

"டாக்டர், அந்த ஊசி வேணாம்."

"மருந்து எழுதறது நானா, நீங்களா?"

ராஜரத்தினம் வேலை போனால் போகட்டும் என்று அட்டையை நீட்டினார். தம்பிராஜா அதை இரண்டு தரம் வாசித்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வேறு மருந்து எழுதினார்.

ஆறாம் நாள் கோகிலா பிள்ளையோடு வீட்டுக்குப் போனாள். அன்று பெண்களின் அட்டைகளிலெல்லாம் அப்பா பேரையும் புருஷன் பேரையும் சேர்த்து எழுதிக்கொண்டிருந்தார் ராஜரத்தினம். சந்தோஷத்தில் எழுத்து கோணிக்கொண்டு போனது. மருந்தறை ஜன்னலில் தம்பிராஜா வந்து நின்றார், கையில் ஒரு கத்தை மருந்துச் சீட்டு.

"எல்லாம் பெனிசிலின்தான்," என்றார். "உங்க கிளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க."