ஆடிக்கு முந்தின ஆட்டம்

எங்கள் அப்பா எக்ஸெல் ஷீட் போடாமல் ஒரு முடிவும் எடுத்ததில்லை. ஃபிரிட்ஜ் வாங்கியது ஷீட் போட்டு. என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதற்கு ஒரு ஷீட். கோயம்புத்தூரை விட்டுப் புனே வந்து வாகட்டில் ஃபிளாட் தேடியபோது, பால்கனியில் எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்பதற்குக்கூட அதில் இடம் இருந்ததாம். "என்னைய மட்டும் எப்படிங்க ஷீட் போடாமக் கட்டுனீங்க?" என்று அம்மா கேட்பாள். அப்போது வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று அப்பா நிஜமான வருத்தத்தோடு பதில் சொல்வார்.

ஆகவே சித்திக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் அவர் முதலில் செய்த காரியம் என்னவென்று நான் சொல்லவே வேண்டாம்.

சித்தி, அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பக்கத்து ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை கிடைத்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள், என் அறையில், என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில். அம்மாவைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். கோயம்புத்தூரில் இருந்த பெரிய மாமாதான் அப்பா ஸ்தானத்தில் நின்று சித்தியைப் படிக்கவைத்தவர். அவர் பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசிப் பார்த்ததில்லை. போனில் அவர் குரல் வந்தாலே உட்கார்ந்திருப்பவள் எழுந்து நின்றுவிடுவாள், அவர் என்னவோ எதிரே நிற்பதுபோல.

கடைசியில் இரண்டு வரன்கள் தேறின. ஒருவர் பொள்ளாச்சிப் பக்கம், இன்னொருவர் திருப்பூர். அப்பாவின் ஷீட்டில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் நின்றார்கள். வயது, உயரம், படிப்பு, ஜாதகப் பொருத்தம், கூடப்பிறந்தவர்கள், கண்ணாடி உண்டா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க், முக்கியமானதற்கு இரட்டிப்பு. யார் முந்துகிறாரோ அவர் கட்டம் தானாகப் பச்சையாகும். அப்பா போனில் வாசித்துக் காட்டியபோது மாமா முதலில் சிரித்தார். ஒரு மாதத்தில் அவரே, "மாப்ளே, அந்தப் பொள்ளாச்சிப் பையனுக்குப் பொருத்தம் ஏழு இல்லீங், எட்டு. மாத்திருங்க" என்று போன் செய்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

சித்தியைக் கேட்டார்களா? ஐயோ, கேட்காமல் என்ன. "இதுல உனக்கு எது சரின்னு படுது?" என்று எல்லாரும் கேட்டார்கள். 'இதுல' என்பதுதான் சங்கடம். அவள், "நீங்க பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, யாரோடோ போனில் மெதுவாக மராத்தியில் பேசிக்கொண்டிருப்பாள். சித்தி ஆபீசுக்காக மராத்தி பழகுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரை வீணாக்குகிறாளே என்றும் நினைத்தேன்.

அந்த ஞாயிறு, ஆனியின் கடைசி ஞாயிறு. இரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். அதனால் ஞாயிறு சாயந்திரத்துக்குள் இரண்டில் ஒரு வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுவதென்று மாமா தீர்மானித்திருந்தார். சொந்தக்காரர்களையும் அவர் வீட்டுக்கு வரச் சொல்லியாயிற்று. அப்பா அந்த ஷீட்டை மெயிலில் அனுப்பவேண்டியதுதான் பாக்கி.

அதே ஞாயிறுதான் மும்பையில் மேட்ச்சும் இருந்தது. நம் நாட்டு அணிக்கும் ஒரு வெளிநாட்டு அணிக்கும் ஃபுட்பால். எந்த நாடு என்பது இப்போது எதற்கு, அவர்களும் பாவம். எங்கள் குடியிருப்பில் ஞாயிறு காலைகளில் குழந்தைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுத்த கோச் சார், கிளப் ஹவுசில் பெரிய திரையில் மேட்ச் போட ஏற்பாடு செய்திருந்தார். கூடவே ஒரு போட்டி. இரண்டு அணிகளின் புள்ளிவிவரங்களையும் ஒப்பிட்டு, யார் ஜெயிப்பார்கள் என்று எழுதி வரவேண்டும். நன்றாகச் செய்தவர், மேட்ச் தொடங்கும் முன் எல்லார் எதிரிலும் வாசித்துக் காட்டலாம். எனக்குப் பதினோரு வயது. ஆட்டத்தில் எப்போதும் என்னைக் கோலுக்குப் பின்னால் பந்து பொறுக்கத்தான் நிறுத்துவார்கள். இதிலாவது முன்னால் நின்றே தீர்வதென்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் போனேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! "புதுசா எதுக்குக் கண்ணு பண்ணோணும்? மாப்பிள்ளை ஷீட்டுலயே ஃபார்முலா எல்லாம் இருக்குது. தொறந்து, சேவ் ஆஸ் குடுத்து, வேற பேர் வெச்சுக்கோ, பழசு அப்படியே இருக்கும். அப்பறமா மாத்து. சேவ் ஆஸ் குடுக்காம ஒரு எழுத்துத் தொடக் கூடாது, ஆமா." மூன்று தடவை என்னைத் திருப்பிச் சொல்லவைத்தார்.

சனிக்கிழமை மத்தியானம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, வேலையில் இறங்கினேன். சேவ் ஆஸ் கொடுத்து, 'மேட்ச்' என்று பேர் வைத்தேன். பொள்ளாச்சி இருந்த இடத்தில் நம் அணி, திருப்பூர் இருந்த இடத்தில் அவர்கள். வயது, உயரம் அப்படியே. படிப்பு இருந்த இடத்தில் தர வரிசை. ஜாதகப் பொருத்தம் இருந்த இடத்தில் போட்ட கோல், கூடப்பிறந்தவர்கள் இருந்த இடத்தில் வாங்கிய கோல். கண்ணாடி இருந்த இடத்தில் மஞ்சள் அட்டை. இணையத்திலிருந்து தேடித் தேடி நிரப்பினேன். நிரப்ப நிரப்ப எதிரணிப் பக்கம் மேலிருந்து கீழ்வரை வயல் மாதிரி பச்சையாகிக்கொண்டே போனது.

சித்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்க் கம்மியா இருக்கறவங்க ஜெயிக்கவே மாட்டாங்களாடி?"

"ஃபார்முலா அப்படித்தான் சொல்லுது சித்தி."

"ஆடணும்ங்கிற ஆசைக்கு ஒரு வரி போடேன்."

நான் ஹாலில் இருந்த அப்பாவிடம் கத்திக் கேட்டேன். அளக்க முடியாததை ஷீட்டில் சேர்க்கக் கூடாது என்று அங்கிருந்தே பதில் வந்தது. நான் எல்லாவற்றையும் பெரிய சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி முடித்தபோது மழை விட்டிருந்தது. கீழே பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "நீ போய் விளையாடு. லேப்டாப்பை நான் மூடி வெக்கறேன்" என்றாள் சித்தி. செருப்பை மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டம்.

ஞாயிறு மத்தியானம் அப்பா ஷீட்டை மாமாவுக்கு அனுப்பினார், திறந்து பார்க்காமல். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, எதையும் சரிபார்க்காமல் அனுப்பாதே, எதற்கும் ஒரு பிரதி எடுத்து வை என்று வகுப்பெடுக்கிற மனுஷர். சொந்த வீட்டு விஷயம் என்பதால் ஷீட்டை ஆபீசில் வைக்காமல் வீட்டு லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தார்.

நாலு மணிக்கு மாமா கூப்பிட்டார். அவர் குரல் ஸ்பீக்கர் போடாமலே கேட்டது.

"ஏனுங் மாப்ளே, என்னத்தைங்க அனுப்பி வெச்சிருக்கீங்க? பையன் படிப்பு எங்கீன்னு பாத்தா மஞ்ச அட்டை எத்தனை, வாங்குன கோல் எத்தனைன்னு இருக்குது! இங்க பெரியவங்கெல்லாம் உக்காந்துட்டு இருக்கறாங்க!"

அப்பா லேப்டாப்பைத் திறந்தார். மாப்பிள்ளை ஷீட்டின் பெயர் அப்படியே இருந்தது. உள்ளே ஃபுட்பால். பொள்ளாச்சியும் திருப்பூரும் போன இடம் தெரியவில்லை. 'மேட்ச்' என்ற பெயரில் நான் வைத்த ஷீட்டும் எங்கேயும் இல்லை.

"நான் சேவ் ஆஸ் குடுத்தேன்ப்பா! சத்தியமாக் குடுத்தேன்!"

"குடுத்திருந்தா அது எங்க?"

ஞாபகத்தில் இருப்பதை வைத்தே முடிவு செய்துவிடலாமா என்று மாமா கேட்டார். ஞாபகத்தை நம்பிச் செய்கிற காரியமா இது என்று அப்பா வீம்பாக நின்றார். அதற்குள் அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கிழவர், "தடங்கல் வந்துருச்சு, இன்னைக்கு வேண்டாமப்பா" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஆவணியில் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா போனை வைத்தார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதைவிட மோசமாக, "இன்னைக்கு மேட்ச்சும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது" என்றுவிட்டார். சார்ட் பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்டிலில் குப்புற விழுந்து அழுதேன். செய்யாத தப்புக்கு அழுகிற அழுகையே தனி, அது நிற்பதே இல்லை. அம்மா வந்து, "ஒத்துக்கிட்டு ஒரு சாரி சொல்லு, விட்டுருவாரு" என்றாள். அதைக் கேட்டு இன்னும் சத்தமாக அழுதேன். கிளப் ஹவுசிலிருந்து கைதட்டல் கேட்டது. நான் நிற்க ஆசைப்பட்ட இடத்தில் வேறு யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் சித்தி வந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. என் கையைப் பிடித்து எழுப்பி நேரே ஹாலுக்குக் கூட்டிப் போனாள். "இவளை மேட்ச்சுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பாவிடம் சொன்னாள். போகலாமா என்று கேட்கவில்லை, போகிறேன் என்றாள். எங்கள் வீட்டில் சித்தி அந்த மாதிரி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பாதி ஆட்டம் முடிந்திருந்தது. எதிரணி ஒரு கோல் போட்டிருந்தது, ஷீட் சொன்னபடியே. கடைசி நிமிடங்களில் நம் ஆள் ஒருவன் விழுந்து, எழுந்து, எப்படியோ ஒன்றைத் தள்ளிவிட்டான். கிளப் ஹவுஸ் இடிந்துவிடும்போலக் கத்தினோம். சமன்! சமனுக்கு அப்பாவின் ஃபார்முலாவில் இடமே இல்லை. சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு கோலுக்கு இப்படியா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வாரம் எனக்குப் புது ஃபுட்பால் ஷூ வாங்கிவந்தாள். எதுக்கு என்று கேட்டேன். சும்மா என்றாள். தப்புப் பண்ணினவளுக்குப் பரிசா என்று அம்மா முணுமுணுத்தாள்.

ஆடி மாதம் முழுக்க மழை. அந்த மழையில் ஒரு நாள் சித்தி முதலில் அம்மாவிடம் பேசினாள். பிறகு அப்பாவிடம். கடைசியில் மாமாவுக்கே போன் செய்தாள், உட்கார்ந்துகொண்டு. மாமா ரயிலேறி வந்து, சத்தம் போட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் "அந்தப் பையனை வரச் சொல்லு, பாக்கலாம்" என்றார். குளியலறை மராத்திக்கு மறுமுனையில் இருந்த அந்தப் பையன்தான் இன்று என் சித்தப்பா. எப்போதும் ஷூ லேஸ் அவிழ்ந்தே இருக்கும். அப்பாவின் ஷீட்டில் ஏற்றியிருந்தால் ஒரு கட்டம்கூடப் பச்சையாகியிருக்காது.

எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் இருக்கமாட்டார். "என்ற பொண்ணு ஒரு சேவ் ஆஸ் மறந்தா, ரெண்டு மாப்பிள்ளை காலி!" எல்லாரும் சிரிப்பார்கள். அப்போது சித்தி மட்டும் எழுந்துபோய் என் தட்டில் இன்னொரு ஜிலேபி வைப்பாள்.

அன்று மேட்ச் முடிந்து ஈரத் தரையில் இரண்டு பேரும் நடந்து வந்தோம். சுருட்டிய சார்ட் இன்னும் என் கையில் இருந்தது. "நான் நிஜமாவே சேவ் ஆஸ் குடுத்தேன் சித்தி. யாருமே நம்பலை" என்றேன்.

சித்தி நின்று, மண்டியிட்டு, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ குடுத்தே தங்கம். எனக்குத் தெரியும்" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் என்னை நம்புகிற ஒரே ஆள் சித்திதான் என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.