ஆறுக்கு ஐந்து

என் மனைவிக்கு எதிராக நான் ஒரு முறை வாக்களித்திருக்கிறேன். இரகசிய வாக்கெடுப்பு என்றால் மறைத்திருக்கலாம். எங்கள் ஊர்ச்சங்கத்தில் கையைத்தான் உயர்த்த வேண்டும்.

மொன்றியலில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் எல்லோரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனாலும் சங்கத்துக்கு ஒரு யாப்பு, எழுதிவைத்த சட்டதிட்டம், உண்டு. அதை எழுதியவர் ஊரில் நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். ஒரு நடுத்தர நாட்டை ஆள அது போதும். அதன்படி எந்தப் பொறுப்புக்கும் தலைவர் ஒருவரின் பெயரை முன்வைப்பார். பதினொரு பேர் கொண்ட செயற்குழு அவரை விசாரித்து, கைகளை உயர்த்தி உறுதிப்படுத்த வேண்டும். தலைவருக்கு வாக்குக் கிடையாது.

செயற்குழுவில் இரண்டு அணிகள். கோடை ஒன்றுகூடலை லாசால் ஆற்றங்கரையில் வைப்பதா, மொன்றியல்-நோர் பூங்காவில் வைப்பதா என்று தொடங்கிய பிரச்சினை அது. ஒன்றுகூடல் லாசாலிலேயே நடந்து, மழையும் பெய்து முடிந்துவிட்டது. அணிகள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. தலைவர் பக்கம் ஐந்து பேர். எதிர்ப் பக்கம் ஆறு பேர். எதிர்ப் பக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் என் அண்ணை. ஆறாவது ஆள் நான்.

அண்ணைதான் என்னை இந்த நாட்டுக்கு எடுத்துவிட்டவர். நான் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்குக் குளிர்ச்சட்டையோடு வந்து நின்றவர். அந்தச் சட்டையைப் போட்ட நாளிலிருந்து அவருக்கு எதிராக நான் ஒன்றும் சொன்னதில்லை. அவர் பக்கத்து நாட்டு செனட் விசாரணைகளைத் தொலைக்காட்சியில் விடாமல் பார்ப்பார். அங்கே ஜனாதிபதி முன்வைக்கும் ஆட்களை எப்படி வறுத்தெடுக்கிறார்கள் என்று கவனித்து, அதையே எங்கள் கூட்டத்திலும் செய்வார். ஒலிபெருக்கிப் பொறுப்பாளராகத் தலைவர் முன்வைத்த ஒரு அப்பாவி மனிதரை முக்கால் மணி நேரம் விசாரித்து, அவருடைய பழைய முகநூல் பதிவு ஒன்றையும் வாசித்துக் காட்டித் தோற்கடித்தார். அந்த வருடக் கலைவிழாவில் யார் என்ன பேசினார்கள் என்று பின்வரிசையில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் தலைவர் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அதிபராக என் மனைவியின் பெயரை முன்வைத்தார்.

அவள் அங்கே ஒன்பது வருடம் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். ஊரில் பயிற்றப்பட்ட ஆசிரியை. இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் மதிக்கவில்லை. வார நாட்களில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், உதவியாளராக வேலை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பதும் சப்பாத்து மாட்டுவதும் அவள். பெற்றோருக்கு அறிக்கை எழுதுவது வேறொருத்தி. தலைவர் தொலைபேசியில் கேட்டபோது, "ஓம், செய்து பாப்பம்" என்று பெரிதாக ஒன்றும் இல்லாதவள்போலச் சொன்னாள். பிறகு இரண்டு வாரம் சாப்பாட்டு மேசையில் இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு திட்டம் எழுதினாள். நான்கு பக்கம். என்னிடம் வாசித்துக் காட்டினாள். நல்ல திட்டம்.

"உங்கட அண்ணர் என்ன செய்வார்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவர் எதிர்ப்பார். அது அவருக்குப் பழக்கம். நீர் யோசியாதையும்."

"நீங்கள்?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். எங்கள் பக்கத்து ஆறு பேரில் ஒருவர் டெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருப்பவர். அவருடைய இரட்டைப் பெண்பிள்ளைகள் என் மனைவியின் வகுப்பில்தான் எழுதப் பழகியவர்கள். இன்னொருவர் என் மனைவிக்குத் தாய்வழியில் சகோதரன் முறை. இந்த இரண்டு பேரும் அவளுக்குத்தான் கை உயர்த்துவார்கள். அப்படியென்றால் ஏழுக்கு நாலு. நான் அண்ணையோடு நின்றாலும் அவள் வெல்வாள். அண்ணைக்கும் மனம் நோகாது. இதைவிடச் சிறந்த ஏற்பாடு யாருக்குத் தோன்றும்?

கூட்டம் லாசாலில் ஒரு கட்டிடத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். முதலில் விசாரணை. அண்ணை எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்கட பிள்ளை வீட்டில என்ன பாஷையில கதைக்கிறது?"

அவருக்கு அது தெரியும். எங்கள் மகனோடு அவரே பிரெஞ்சில்தான் கதைப்பார்.

"கூடுதலா பிரெஞ்சுதான்" என்றாள் அவள். "அதாலதான் இந்தப் பள்ளிக்கூடம் வேணும் எண்டு சொல்லுறன்."

நல்ல பதில். தலைவர் பக்கத்து ஐந்து பேரும் மேசையில் தட்டினார்கள். எனக்கும் கை துடித்தது. தட்டவில்லை.

வாக்கெடுப்பின்போது பெயர் குறிக்கப்பட்டவர் மண்டபத்தில் இருக்கக்கூடாது என்பது யாப்பு. ஆகவே அவள் சமையலறைக்குப் போனாள். அங்கே அவளுக்கு வேலையும் இருந்தது. கூட்டத்துக்கு ரோல்ஸ் பொரிப்பது அந்த மாதம் எங்கள் வீட்டு முறை. சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவே தட்டுக்களை நீட்டுவதற்கு ஒரு ஜன்னல் இருந்தது. நீதிமன்றத்து எழுதுவினைஞர் யாப்பில் ஜன்னலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அது திறந்திருந்தது.

"ஆதரவானவர்கள்" என்றார் தலைவர்.

ஐந்து கைகள். டெப்பனர்காரர் தன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகோதரன் முறைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது உயர்த்தியிருக்கலாம். அண்ணை பக்கத்தில் இருந்தார். அவருடைய முழங்கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"எதிரானவர்கள்."

ஆறு கைகள். ஆறாவது என்னுடையது. அதை நான் எவ்வளவு பதிவாக உயர்த்தினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம், காதளவு. ஆனால் உயர்த்தினேன்.

அவள் ரோல்ஸ் தட்டோடு வெளியே வந்தாள். ஆளுக்கு இரண்டு வைத்தாள். அண்ணைக்கும் இரண்டு. என்னிடம் வந்து, "சோஸ் போடவோ?" என்று கேட்டாள், முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல. நன்றி என்று சொல்ல வாயெடுத்து "மெர்சி" என்றேன். கலியாணம் கட்டிப் பதினாறு வருடத்தில் அவளிடம் பிரெஞ்சில் நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

கார் நிறுத்துமிடத்தில் டெப்பனர்காரர் என்னைப் பிடித்தார்.

"என்ன இது? உங்கட மனிசியெல்லோ. நீங்கள் தூக்குவீங்கள் எண்டுதானே நான் பேசாமல் இருந்தனான்."

பின்னால் வந்த சகோதரன் முறைக்காரரும் அதையே சொன்னார். மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டிருந்தோம். பிறகு ஆளுக்கொரு காரில் ஏறிப் போனோம்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

தலைவர் யாப்பில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார். பதவி வெற்றிடமாக இருந்தால், தற்காலிகமாக ஒரு 'பதில் அதிபரை' ஒரு வருடத்துக்கு நியமிக்கலாம். அதற்கு ஒருவரும் கை உயர்த்தத் தேவையில்லை. அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடமும். நான்கு பக்கத் திட்டத்தை அவள் முழுதாக நிறைவேற்றினாள். மாணவர் அறிக்கைகள் எல்லாவற்றிலும் 'பதில் அதிபர்' என்று கையெழுத்திட்டாள். "வேலையில உதவி, இஞ்ச பதில்" என்று ஒருநாள் அறிக்கைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். என்னிடம் சொன்னதுபோல இல்லை.

போன கோடையில் அண்ணை மகளோடு இருக்கவென்று ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தார். செயற்குழுவில் அவருடைய இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவர் போன பிறகு எங்கள் அணியில் எதை எதிர்ப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைவர் மறுபடியும் அவளுடைய பெயரை முன்வைத்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவள் சமையலறைக்குப் போனாள். அந்த மாதமும் எங்கள் முறையாக இருக்கும்படி நான்தான் பட்டியலை மாற்றியிருந்தேன்.

"ஆதரவானவர்கள்" என்று தலைவர் சொல்லி முடிக்குமுன் நான் கையை உயர்த்தினேன். தோள் நோகும்வரை உயர்த்தினேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன். சாத்தியிருந்தது.

நான் உள்ளே போனேன். அவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"ஏகமனதா" என்றேன். "பதினொரு பேரும்."

"ம்."

"ஏன் ஜன்னலைச் சாத்தினனீர்?"

அவள் ரோல்ஸை வடித்துத் தட்டில் வைத்தாள்.

"அண்டைக்கு நான் மற்ற ஆக்களை எண்ணேல்லை. உங்கட கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான். இண்டைக்குப் பார்க்கிறதுக்கு ஒண்டுமில்லை."

பிறகு தட்டை என்னிடம் நீட்டி, "ஆறமுதல் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆளுக்கு இரண்டு.