மிரியம் வரைந்த கடிகாரம்

நான் வந்து குடியேறிய இந்த நாட்டில் வயதான ஒருவரால் தனியாக வாழ முடியுமா என்று அறிய, ஒரு கடிகாரம் வரையச் சொல்கிறார்கள். வட்டம் போட்டு, எண்களை எழுதி, முட்களைப் பதினொரு மணி பத்து நிமிடத்தில் நிறுத்த வேண்டும். மவுண்ட் ஆல்பர்ட்டில் நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் மரவீட்டில், தொண்ணூறு தாண்டிய மிரியத்தின் முன்னால் தாதி அந்தத் தாளை வைத்தாள். தோற்றால் முதியோர் இல்லம். அங்கே எண்ணெய் வண்ணத்துக்கும் டர்பன்டைனுக்கும் இடமில்லை. அவை இல்லாமல் அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

மிரியம் யூதர். சிறுமியாகப் புடாபெஸ்டில் போருக்குத் தப்பி, பிறகு கப்பலேறி இங்கே வந்தவர். வாழ்நாளெல்லாம் சர்ரியலிச ஓவியங்கள்தான்: வேர்விட்ட நாற்காலிகள், பற்கள் முளைத்த ரயில்கள். ஆடுகளும் மலைகளும் வரைந்தால் விற்கும் என்று இங்குள்ளவர்கள் புத்தி சொன்னார்களாம். அவர் கேட்கவில்லை.

அன்றும் கேட்கவில்லை. ஒரே இழுப்பில் வட்டத்தைப் போட்டார். எண்களையெல்லாம் பயணப் பெட்டிகளோடு வட்டத்துக்கு வெளியே நடக்கவிட்டார். உள்ளே ஒரு வெற்று நாற்காலி. முட்களே இல்லை.

தாதி சேலத்துப் பெண். "அக்கா, ஒரு நம்பர்கூட உள்ள இல்லயே. நான் என்னக்கா எழுதுறது?" என்று என்னிடம் தமிழில் கேட்டாள். ஒழுங்காக ஒன்று வரைந்து கொடுத்தால் என்ன என்று மிரியத்திடம் ஆங்கிலத்தில் கெஞ்சினேன். அவர் வரைந்த கரித்துண்டைக் கீழே வைத்தார்.

"புடாபெஸ்டில் நீ யூதப் பிள்ளையா என்று கேட்டார்கள். சரியான பதில் சொன்ன பிள்ளைகளை ரயிலில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து அதிகாரிகள் எதிர்பார்க்கும் பதிலை நான் கொடுப்பதில்லை."

எனக்கு, இந்த நாட்டுக்கு வந்தபோது நடந்த என் அகதி விசாரணை ஞாபகம் வந்தது. ஊரில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியை வரையச் சொன்னார் அதிகாரி. ஒரு பிழையும் விடாமல் வரைந்தேன். என் படத்தில் இருந்த சந்தி அவருடைய வரைபடத்தில் இல்லை. இராணுவம் அதை எப்போதோ இடித்துத் தன் முகாமுக்குள் எடுத்துவிட்டது. நான் பொய்க்காரி ஆனேன். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்தேன். அந்த வெட்கம் இன்னும் சுடுகிறது. இந்தத் தடவை மூடுவதாக இல்லை.

"தங்கச்சி, அவவுக்கு மணி வடிவாத் தெரியும். உள்ளுக்கு வந்து பாரும்" என்று தாதியைப் பின்னறைக்குக் கூட்டிப்போனேன். சுவர் முழுக்க மிரியம் தீட்டிய அதே கடிகாரங்கள், அதே பெட்டிகள். ஒன்றின் மூலையில் தாதி பிறப்பதற்கே முந்திய ஓர் ஆண்டு எழுதியிருந்தது. அவள் குனிந்து அதை வாசித்தாள். பிறகு திரும்பிப் போய் மிரியத்திடம் மணி கேட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே, நீ வந்து நாற்பது நிமிடம், இன்னும் ஒருவரும் எனக்குத் தேநீர் தரவில்லை என்றார் மிரியம். சரியாக நாற்பது நிமிடம்தான். தாதி ஓவியங்களைப் படமெடுத்துப் படிவத்தோடு இணைத்தாள்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. மிரியம் வீட்டிலேயே இருக்கலாம்.

அன்று அவருக்கு என் சந்தியைப் பற்றிச் சொன்னேன். வரை என்று கரித்துண்டை நீட்டினார். மதகு, புளியமரம், சைக்கிள் கடை எல்லாம் வரைந்தேன். நடுவில் தன் வெற்று நாற்காலியைப் போட்டுக் கொடுத்தார். இப்போது அது மவுண்ட் வெல்லிங்டனில் என் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. இது யாருடைய நாற்காலி என்று என் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"என்ரை" என்றேன்.

நான் இங்கே நின்று அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே, இடித்த சந்தியின் நடுவில், என் இடத்தில் இன்னும் எவனும் உட்காரவில்லை.