மச்சான் வண்டியும் ஓடையில் சிக்கிய பசுவும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்தேன். வாசலில் ஒரு குரல்.

"கோ சேகர்... வண்டி இருக்கா?"

பர்மியில் 'கோ' என்றால் அண்ணன். 'கோ சேகர் இருக்கிறாரா?' என்று இப்போது யாரும் கேட்பதில்லை. வண்டி இருந்தால் போதும்.

அந்த வண்டி என்னுடையதில்லை. என் மனைவி லட்சுமியின் அண்ணனுடையது. சிங்கப்பூர் போகும்போது, "சும்மா நிறுத்திடாதீங்க மாப்ள, ஓட்டிக்கிட்டே இருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். தோல் சீட், மரம் பதித்த டேஷ்போர்டு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் எஞ்சின். ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டிய வண்டி... பர்மாவின் டாலாவில் எங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் நிற்கிறது.

ஓட்டச் சொன்னார், ஓட்டுகிறேன். எனக்கு ஓட்ட என்ன இருக்கிறது? வைக்கோல், புண்ணாக்கு மூட்டை, பால் கேன். ஊரில் எவருடைய கை டிராக்டர் சேற்றில் இறங்கினாலும் நான்தான். நெல் லாரி பள்ளத்தில் சாய்ந்தாலும் நான்தான். டீசலுக்கு வரிசையில் நிற்பதும் நானேதான். முடியாது என்று சொல்லிவிடலாமே என்பீர்கள். அதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே! எனக்கு அது கிடையாது. கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் தேடுவேன்.

அன்று கூப்பிட்டது மா சூ. பக்கத்துத் தெருக்காரி, புருஷன் இல்லை. ஒரே ஒரு பசு. அதன் பாலை டீக்கடைக்கு ஊற்றித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்தப் பசு ஓடைச் சேற்றில் வயிறு வரை இறங்கிவிட்டது. எங்கள் ஓடை ஆற்றோடு சேர்ந்தது. ஆற்றில் நீர் ஏறினால் ஓடையிலும் ஏறும். ஏற ஆரம்பித்துவிட்டது.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். லட்சுமியும் கூடவே ஏறிக்கொண்டாள்.

வண்டியைப் பின்னோக்கிக் கரைக்கு விட்டேன். டேஷ்போர்டுத் திரையில் சிவப்பு, மஞ்சள் கோடுகள். நடுவில் பசுவின் முகம். ஜப்பானிலிருந்து வந்த வண்டி அது. அதற்குள் இருக்கும் பெண் ஜப்பான் மொழியில் ஏதோ பணிவாக எச்சரித்தாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

ஆண்கள் நாலைந்து பேர் கயிற்றோடு நின்றார்கள். "கொம்புல கட்டி இழுத்துடலாம்" என்றார் ஊ தின். சைக்கா என்னும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர், எங்கள் தெருவின் பெரிய மனிதர்.

"கழுத்து ஒடிஞ்சிடும்! வயித்துக்கு அடியில கொடுங்க!" என்று மா சூ அலறினாள்.

வெறும் கயிறு வயிற்றை அறுத்துவிடும். அகலமான துணி வேண்டும். சாக்கைக் கொடுத்தோம், கிழிந்தது. ஆண்களிடம் இருந்ததோ இடுப்பில் கட்டியிருந்த லுங்கி மட்டும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்வரவில்லை.

மா சூ வீட்டுக் கொடியில் அவளுடைய தமெய்ன்கள் காய்ந்துகொண்டிருந்தன. பெண்கள் உடுத்தும் லுங்கி. நல்ல கெட்டித் துணி. அவற்றை உருவிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஆண்கள் அத்தனை பேரும் இரண்டடி பின்னால் போனார்கள்!

இந்த ஊரில் ஆண் அதைத் தொடமாட்டான். அது காயும் கொடிக்கு அடியில்கூட நுழையமாட்டான். நுழைந்தால் ஆணுக்குள்ள மகிமை குறைந்துவிடும் என்பது நம்பிக்கை. இங்கேயே பிறந்து வளர்ந்த நானும் சுற்றித்தான் போவேன்... மறைப்பானேன்?

"வண்டியில கட்டக் கூடாது" என்றார் ஊ தின். "முன்னாடி சாமிக்கு இலை கட்டியிருக்கு. வண்டியோட அதிர்ஷ்டமே போயிடும்."

தண்ணீர் பசுவின் விலாவைத் தொட்டது. மா சூ துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டாள்.

"இலை முன்னாடிதானே இருக்கு? நாம பின்னாடி கட்டுவோம்" என்றாள் லட்சுமி. "மாடும் பொம்பளை. அதுக்கு என்ன குறையப்போகுது? இல்ல, இந்த வண்டிக்குத்தான் மீசை இருக்கா?"

புடவையைச் சொருகிக்கொண்டு அவளும் இறங்கினாள். இரண்டு பேரும் தமெய்ன்களை முறுக்கி, வயிற்றுக்கடியில் கொடுத்து, கயிற்றோடு முடிந்து, வண்டியின் பின்கொக்கியில் மாட்டினார்கள்.

"என்னங்க... மெதுவா!"

சின்ன கியரில் போட்டேன். சக்கரம் சுற்றியது. சேறு கண்ணாடி முழுக்க அடித்தது. வண்டி அசையவில்லை. ஒரு நிமிடம் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. காலைத் தளர்த்தி, மறுபடி மெல்ல அழுத்தினேன். 'ப்ளக்' என்று ஒரு சத்தம். சேறு விட்டுவிட்டது. பசு சறுக்கிக்கொண்டே கரைக்கு வந்தது.

வந்தது, ஆனால் எழவில்லை. கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. மா சூ அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பர்மியில் என்னென்னவோ கெஞ்சினாள். லட்சுமி வைக்கோலால் அதன் கால்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் வண்டியில் சாய்ந்து நின்றேன். உட்கார்ந்தால் அந்தப் பசுவுக்கு முன்னால் நான் எழமாட்டேன் என்று பயம்.

பொழுது சாயும்போது முன்காலை ஊன்றியது. பிறகு பின்கால். நின்றுவிட்டது!

மா சூ அழுதாள். ஆண்கள் கை தட்டினார்கள். கயிற்றை அவிழ்க்க மட்டும் யாரும் கிட்டே வரவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவன்தான். இரண்டு நாள் சரியாக எழுந்திருக்க முடியவில்லை. ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பலசாலியான ஒரு வண்டி வாசலில் நின்றால், நமக்கும் அதே பலம் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. வண்டிக்கு டீசல் ஊற்றலாம். எனக்கு?

பசு கொஞ்ச நாள் மடி வற்றிக் கிடந்து, பிறகு பால் விட்டது. இன்று காலை, மா சூ பால் ஊற்றும் டீக்கடையில் ஊ தின் உட்கார்ந்திருந்தார்.

டீயில் பால் கொஞ்சம் தூக்கலாக ஊற்றச் சொன்னார்.