அம்பாரி விழாத ஆட்டம்

மைசூரில் இன்றைக்கும் சிலர் என் அக்கா கணவர் சுரேந்தரைத் துணிச்சல்காரர் என்கிறார்கள். சொல்பவர்களுக்கு என்ன, அவர்கள் யாரும் அவருக்காகக் கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்ததில்லை. நான் அதே வீட்டில் இருந்தவள். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் தன்னுடையது என்று எதையும் பணயம் வைத்ததே கிடையாது. வைப்பதற்கு வாயைத் தவிர அவரிடம் வேறு என்ன இருந்தது?

கொள்ளேகாலில் பட்டுநூல் தரகு செய்யும் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை அவர். பி.காம். முடித்துவிட்டு மைசூருக்கு வந்து, கம்ப்யூட்டர் விற்கும் கடையொன்றில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தார். அங்கே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கப் போன என் அக்கா ரூபாவின் தலையில் பெரிதாக ஒன்றைக் கட்டினார். பிறகு அவளையே கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணமான பிறகும் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தவணை கட்டியது அக்காதான்.

எங்கள் வீடு குவெம்புநகரில், காம்ப்ளெக்ஸுக்குப் பின்தெருவில் இருக்கிறது. ராமாபுரத்திலிருந்து மேஸ்திரி வேலைக்கு வந்த அப்பா, ஊராருக்கெல்லாம் வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, உடம்பில் மிச்சமிருந்த பலத்தை வைத்து எங்களுக்கென்று கட்டிய வீடு. அப்பா போன பிறகு, அம்மா கமலம்மாள் அதை அக்கா பேருக்கு மாற்றி எழுதினாள். குடும்பத்தைத் தாங்கியவள் அவள்தான், எனக்கும் அதில் வருத்தமில்லை. முன்னறையில் அக்கா டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் பையன்களின் பிராஜெக்ட் ரிப்போர்ட், கோயில் நோட்டீஸ். நான் பக்கத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பேன். மாமா காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு புறப்பட்டுப் போய், மாலையில் ஐடியாவோடு திரும்பி வருவார்.

தொண்ணூற்றேழில் பெங்களூரில் ஏதோ பெரிய ஓட்டலில் கம்ப்யூட்டர் கண்காட்சி நடந்தது. அங்கே யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் நின்றார்.

"ரூபா, வெளிநாட்டுல ஒரு வீடியோ கேமுக்கு எவ்ளோ செலவு பண்றாங்க தெரியுமா? சினிமாவ விட ஜாஸ்தி."

"என்ன மாதிரி கேமுங்க அது?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் ஏதோ ஓட்டம், சண்டை. நான் சொல்றது பட்ஜெட்ட."

அன்றைக்கு அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்தான். அதன் பிறகு டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது என்று எங்கும் பட்ஜெட். கேம் எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கும்.

கடைசியில் கேமுக்கான யோசனையும் அவருடையதாக அமையவில்லை. மனோஜ்குமார் என்று ஒரு பையன், அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்திருந்தான். ரிப்போர்ட் அச்சடிக்க வந்து பழகியவன். தசரா ஊர்வலத்தை வைத்து அவன் விளையாட்டாக ஒன்று செய்து, எங்கள் கடைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுக் காட்டினான். அரண்மனையிலிருந்து ஊர்வலம் முடியும் பன்னிமண்டபம் வரை யானை தங்க அம்பாரியைச் சுமந்து போக வேண்டும். யானை அசைந்து நடக்கையில் அம்பாரி ஒரு பக்கம் சாயும். எதிர்ப்பக்கத்துப் பட்டனை அமுக்கி நேராக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அமுக்கினால் அந்தப் பக்கம் சாயும். சயாஜிராவ் ரோட்டில் கூட்டம் நெருக்கும், ஆயுர்வேதக் காலேஜ் சர்க்கிளில் திரும்பும்போது எவனாவது பட்டாசு வெடிப்பான். அம்பாரி விழுந்தால் மறுபடி அரண்மனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

யானை என்று சொன்னால்தான் யானை என்று தெரியும், அவ்வளவு கட்டைகுட்டையான படம். ஆனாலும் பிராஜெக்ட் அச்சடிக்க வந்த பையன்கள் பேப்பரை வாங்கிய பிறகும் நகர மாட்டேன் என்றார்கள். அம்மாகூட ஒருநாள் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அடுத்தடுத்து மூன்று முறை கவிழ்த்தாள். பருப்பு தீய்ந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா மட்டும் அதைத் தொடவே இல்லை. விளையாடுகிறவர்களின் முகத்தையே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கொள்ளேகாலிலிருந்து பட்டு வியாபாரி லிங்கப்பனைக் கூட்டி வந்தார். லிங்கப்பனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் ரயில் டிக்கெட் கொடுக்கும் பெட்டி. ஆனாலும் பட்ஜெட் என்ற சொல் அவருக்கும் இனித்தது. நீ பாதி போட்டால் நான் பாதி போடுகிறேன் என்றார். போட்டது அவர் சொந்தப் பணம். அந்த அளவுக்கு அந்த மனிதருக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

மாமாவின் பாதிக்கு எங்கே போவது? வீட்டுப் பத்திரத்தைக் கேட்டார்.

"வீட்டைத் தொட வேண்டாங்க," என்றாள் அக்கா. "நகையிருக்கு, எடுத்துக்குங்க. வீடு அப்பா கட்டுனது."

"ரிஸ்க் எடுக்காம யாரு மேல வந்திருக்காங்க?"

"அதான் நகையக் குடுக்கறேனே."

நகை போயிற்று. அது போதவில்லை என்று முன்னறையிலிருந்த கம்ப்யூட்டர்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் போயிற்று. இப்படி மனைவியின் கழுத்தையும் கையையும் காலி செய்வதற்குத்தான் ரிஸ்க் என்று பெயர் என்பதை நான் அப்போது தெரிந்துகொண்டேன்.

தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஆபீசுக்கென்று மாடி பிடித்துக் கண்ணாடிக் கதவு போட்டார். சுழல் நாற்காலி, ஏசி, பித்தளையில் பெயர்ப்பலகை. பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மனோஜின் ஆட்டத்தைத் திரையில் போட்டார்கள். முதல் பட்டனை அமுக்கும் பெருமை லிங்கப்பனுக்கு. யானை நாலடி வைத்தது. லிங்கப்பன் விரலை எடுக்கவே இல்லை. அரண்மனையை அடுத்த கே.ஆர். சர்க்கிளைக்கூட எட்டவில்லை, அம்பாரி சரிந்து ரோட்டில் விழுந்தது.

கற்பூரத் தட்டை ஏந்தியிருந்த ஐயர் அப்படியே நின்றார்.

"என்ன சுரேந்தரு, அம்பாரி உழுகுது?" என்றார் லிங்கப்பன். "உள்ள அம்மன் உக்காந்திருக்கா, தெரியுமல்ல?"

"இது சும்மா மாதிரிக்குங்க," என்றார் மாமா உடனே. "நம்ம கேமுல உழாது. எப்பவுமே உழாது."

மனோஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "சார், உழலேன்னா தோக்கறது எப்படி சார்?"

"எதுக்குப்பா தோக்கணும்? காசு குடுத்து வாங்கறவன் தோக்கறதுக்கா வாங்கறான்?"

எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். அம்பாரி விழ வேண்டாம், யானை நின்றுவிட்டால் போதும், திரும்ப ஆரம்பிக்கலாம் என்று மனோஜ் இன்னொரு வழி சொன்னான். ஊர்வலம் நடுவில் நிற்பதும் அபசகுனம் என்று அதையும் தள்ளிவிட்டார்கள். சாமுண்டியம்மனுக்கு இதிலெல்லாம் என்ன மனக்குறை வந்துவிடப் போகிறது? பயந்தது பணம் போட்டவரும் பணம் வாங்கியவரும். நிஜத்தில் பெண்டாட்டி கழுத்திலிருந்ததை யோசிக்காமல் எடுத்தவருக்கு, படத்தில் ஒரு பொம்மை அம்பாரி சரிவதைப் பார்க்கத் தைரியமில்லை.

தோற்க வழியில்லை என்றான பிறகு ஆட்டத்தில் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. ஆகவே பணம் அலங்காரத்துக்குப் போனது. அரண்மனையின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது போல ஆரம்பக் காட்சி ஒன்றை மும்பையில் செய்து வாங்கினார்கள். சென்னையில் நாற்பது வயலின் வைத்துப் பாட்டு. அசல் யானையின் பிளிறல்தான் வேண்டும் என்று யானைகள் முகாமில் போய் இரண்டு நாள் காத்திருந்து பதிவு செய்தார்கள். அந்த யானை பிளிறாமல் கரும்பு தின்றுகொண்டிருந்ததாம். சிடி வைக்கும் பெட்டிக்குள்ளே லிங்கப்பன் கடைப் பட்டை விரித்தார்கள். சிடியைவிடப் பெட்டிக்கு விலை அதிகம். கேட்டால், "ப்ரீமியம்" என்பார் மாமா. புதிதாகக் கற்ற சொல்.

பாதியில் மனோஜ் விலகிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். போகும் முன் வீட்டுக்கு வந்து அக்காவிடம், "பழசு உங்க மிஷின்லயே இருக்குக்கா, அழிக்காதீங்க," என்றான். மாமாவின் பார்வையில் அவன் தைரியமில்லாத பையன்.

மறு வருடத் தசராவுக்கு முன் பெரிய ஓட்டலில் வெளியீட்டு விழா. கோட்டு போட்டுக்கொண்டு மாமா இருபது நிமிடம் பேசினார். இந்தியாவில் இதுவரை யாரும் இந்த அளவு ரிஸ்க் எடுத்ததில்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். முன்வரிசையில் அக்கா மஞ்சள் கயிறும் கண்ணாடி வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

பெங்களூரிலிருந்து பசவராஜ் என்பவர் வந்திருந்தார். கர்நாடகம் முழுவதும் கடைகளுக்கு சிடி போடுகிறவர். அவர் எடுத்துக்கொண்டால்தான் வியாபாரம். மும்பைக் காட்சி ஓடி முடியும்வரை மரியாதையாகப் பார்த்தார். பிறகு ஆட உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துக் காபி வந்தது. கையை எடுத்துக் கோப்பையை வாங்கினார். யானை தன்பாட்டுக்கு நடந்தது. கூட்டம் தானே விலகியது. காபி தீர்வதற்குள் பன்னிமண்டபம் வந்து, திரை முழுக்கப் பூ கொட்டியது. அவர் மறுபடி ஆரம்பித்து, இந்த முறை வேண்டுமென்றே யானையைச் சுவரில் மோதப் பார்த்தார். யானை சமர்த்தாகத் திரும்பிக்கொண்டது.

"சரி சார், பஹள சென்னாகிதே, ரொம்ப நல்லா இருக்கு," என்றார் பசவராஜ். "இதுல நான் என்ன செய்யணும்?"

மாமா அவருக்கு வயலின்களைப் பற்றிச் சொன்னார்.

ஒரு கடைகூட எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவு போயிற்று, பித்தளைப் பலகை போயிற்று. லிங்கப்பன் நாற்காலிகளையும் ஏசியையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். பட்டு விரித்த பெட்டிகள் மட்டும் எங்கள் முன்னறைக்கு வந்து உத்தரம் வரை உயர்ந்து நின்றன. மிச்சமிருந்த ஒரே கம்ப்யூட்டரை மூலைக்குத் தள்ளி, அக்கா மறுபடி கல்யாணப் பத்திரிகை அடித்தாள். சீட்டுப் போட்டு மெல்ல ஒரு ஜோடி கம்மல் வாங்கினாள்.

மாமாவுக்கோ மவுசு கூடியது. ஒரு காலேஜில் துணிவே தொழில் என்று பேசக் கூப்பிட்டார்கள், பிறகு இன்னொன்றில். தோற்றவர் என்று யாரும் சொல்லவில்லை. பெரிய தொகையில் தோற்றால் அதற்கு அனுபவம் என்று பெயர். சின்னத் தொகையில் தோற்றிருந்தால் தெருவில் தலைகாட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

தொண்ணூற்றொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கவரோடு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அப்போது ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன தடவ எங்க தப்புன்னு புரிஞ்சு போச்சு ரூபா," என்றார். "பட்ஜெட் பத்தல."

அக்கா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"இந்தத் தடவ ஃபைனான்ஸ்காரங்க ரெடி. வீட்டுப் பத்திரம் மட்டும் வச்சா போதும். எல்லாம் டைப் பண்ணியாச்சு, நீ கையெழுத்துப் போட்டா ஆய்த்து."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றே நினைத்தேன். இத்தனை வருடமும் கொடுத்துக்கொண்டே இருந்தவள்தானே.

அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பிறகு மனோஜின் பழைய ஆட்டத்தைத் திறந்தாள். அந்தக் கட்டைகுட்டை யானை அரண்மனை வாசலில் வந்து நின்றது.

"இத ஒரு தடவ உழாம பன்னிமண்டபம் கொண்டு போங்க. போட்டுத் தரேன்."

"என்ன விளையாட்டு இது?"

"நீங்க செய்யற தொழில்தானுங்க."

சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தார். எந்தப் பட்டன் என்று கேட்டார். நான் காட்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: இவ்வளவையும் விற்றுத் தொலைத்த மனிதர் ஒருமுறைகூட எந்த கேமும் ஆடிப் பார்த்ததில்லை. யானை கிளம்பியது. வாசலைத் தாண்டுவதற்குள் அம்பாரி விழுந்தது. இரண்டாவது முறை இன்னும் சீக்கிரம். மூன்றாவது முறை இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்கினார், விழுந்தது. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். அம்மா ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்று பார்த்தாள்.

"மனோஜ் சரியாப் பண்ணல இத," என்றார்.

அவர் மறுபடி ஆரம்பித்தார். மறுபடி விழுந்தது.

"இதுல உழாம இருக்க எத அமுக்கணும்?"

"அப்படி ஒரு பட்டன் இல்லைங்க," என்று சொல்லிவிட்டு அக்கா பேனாவை மூடினாள்.