அங்காளம்மன் மேல் பட்ட என் கால்

ஆரணியை ஒட்டிய சேவூர்ச் சுடுகாட்டில் இன்று மயானக் கொள்ளைத் திருவிழா. சிவன் கையில் ஒட்டிய கபாலத்தை மிதித்து அழித்த அங்காளம்மன், மண் உருவமாக மல்லாந்து படுத்திருக்கிறாள். பூசைக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மண்ணைக் குழைத்து அந்த உருவத்தைப் பிடித்த பூசாரி முனுசாமிக்கு என் வயதுதான். அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

"காலேஜ் படிக்கும்போது இங்க வந்தேங்க. பூசைக்கு முன்னாடியே அம்மன் கைய மிதிச்சு ஒடச்சது நான்தான். நீங்க சரியாப் பிடிக்கலன்னு உங்கப்பா உங்கள அடிச்சாரு. நான் பயந்துபோய் வாயத் திறக்கல."

அவர் சிரிக்கிறார். "தெரியுங்க. மண்ணுல பூட்ஸ் தடம் இருந்துச்சே. அன்னிக்கு பூட்ஸ் போட்டுகினு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஊரே உங்கள அடிச்சிருக்கும். எங்கப்பா அடி எனக்குப் பழக்கம்."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு மூச்சு சீராக வருகிறது.

பூசை முடிகிறது. வழக்கப்படி கூட்டம் அம்மன் மேல் ஏறி, வயலில் தூவுவதற்கு மண்ணை அள்ளுகிறது. முனுசாமி என் கையைப் பிடித்து இழுக்கிறார்.

"ஜல்தியா வாங்க சார். இப்ப மிதிங்க, யாரும் அடிக்க மாட்டாங்க."